வாடகை இல்லாத குடோன் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

நீங்கள் லாரி ஓட்டிய நாட்களைப் பற்றி எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். எனக்கு 24 வயது. டிப்ளமோ மெக்கானிக்கல். ஓசூரில் மூன்று வருடம் கான்ட்ராக்ட் வேலை பார்த்துவிட்டு, ஹெவி லைசென்ஸ் எடுத்து, இரண்டு மாதமாகச் சங்ககிரி வண்டி ஒன்றில் செட்டு டிரைவராக, அதாவது சீனியரோடு மாற்றி ஓட்டும் இரண்டாவது டிரைவராகப் போகிறேன். பத்துச் சக்கர வண்டி.

போன நடை சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றி நாசிக் போனோம். மூன்றாம் நாள் காலையிலேயே சேர்ந்துவிட்டோம். ஆனால் குடோன் வாசலில் இரண்டரை நாள் நின்றோம். ஏன் இறக்கவில்லை, எப்போது இறக்குவார்கள் என்று கேட்டால் ‘ருக்கோ’ (நில்லு) என்பதைத் தவிர ஒரு வார்த்தை வரவில்லை. அப்புறம் வெங்காயம் ஏற்ற ஒரு நாள். ஒன்பது நாள் நடையில் நான் ஸ்டியரிங் பிடித்தது முப்பத்துச் சொச்சம் மணி நேரம்தான். மிச்சமெல்லாம் உட்கார்ந்தே போனது. இதுதான் வேலையா அண்ணா?

இன்னொன்று. சீனியர் டிரைவர் இறக்கத்தில் நியூட்ரல் போடுகிறார், என்னையும் போடச் சொல்கிறார். இருபது வருட அனுபவம் உள்ளவரிடம் எப்படி மறுப்பது? ராத்திரி இரண்டு மணிக்கு மேல்தான் என் கையில் வண்டியைத் தருகிறார். வீட்டில் அம்மா ‘டிரைவருக்கு யாரு பொண்ணு குடுப்பாங்க, விட்டுட்டு வா’ என்கிறார். வண்டியில் சமைப்பதா ஓட்டலில் சாப்பிடுவதா என்பதிலும் எங்கள் இருவருக்கும் தகராறு.

என் பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நியூட்ரலைப் பற்றித்தான் முதலில் எழுத நினைத்தேன். ஆனால் அந்த இரண்டரை நாளில் தொடங்கினால்தான் நியூட்ரலுக்கு ஒழுங்காக வந்து சேர முடியும்.

நான் ஓட்டிய காலத்தில் வண்டி நின்றது செக்போஸ்ட்டில். கர்நாடகத்துக்குள் நுழையும் அத்திப்பள்ளியில் ஒரு வரிசை, அதைவிட்டு மகாராஷ்டிரத்துக்குப் போகும் நிப்பாணிப் பக்கம் ஒரு வரிசை. காகிதக் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக ஓடுவோம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் வரிச் செக்போஸ்ட்டுகள் போயின. 2021 பிப்ரவரியில் டோல்கேட்டில் ஃபாஸ்டேக் கட்டாயமானது. இனி டிரைவர்களுக்கு நிம்மதி என்று நானே நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தப்பு. வரிசை ஒழியவில்லை, இடம்தான் மாறியது. ரோட்டில் மிச்சம் பிடித்த நேரமெல்லாம் குடோன் வாசலுக்குப் போய்விட்டது.

ஏன் இறக்க மாட்டேன் என்கிறார்கள்? சில சமயம் உண்மையாகவே இடம் இருக்காது. மகாராஷ்டிரத்தில் விரதம் என்றால் ஜவ்வரிசிக் கிச்சடிதான். நவராத்திரி, சிவராத்திரி நெருங்கும்போது நம் ஊர் மரவள்ளிக் கிழங்கெல்லாம் வெள்ளை மணியாகி ஒரே நேரத்தில் அங்கே போய்க் குவியும். இறக்க ஆள் போதாது. இது நியாயமான காரணம். ஆனால் பல சமயம் கதை வேறு. வாங்கியவருக்குச் சரக்கு இன்னும் விற்றிருக்காது. அல்லது விலை விழுந்து, பேரம் மறுபடியும் ஓடிக்கொண்டிருக்கும். அது முடிகிற வரைக்கும் சரக்கு எங்காவது இருக்க வேண்டுமே? உங்கள் வண்டியில் இருக்கிறது. மேலே படுதா உண்டு, காவலுக்கு இரண்டு ஆள் உண்டு, வாடகை கிடையாது. இதைவிட நல்ல குடோன் அவருக்கு எங்கே கிடைக்கும்?

இது புரிந்தால் கோபம் வரும். அதை வாட்ச்மேனிடம் காட்டாதீர்கள், அவருக்கும் நம்மைவிட அதிகமாக ஒன்றும் தெரியாது. வாசலுக்குப் போனதும் லாரி ரசீதின் பின்பக்கம் நீங்கள் வந்து சேர்ந்த தேதி, மணி இரண்டையும் எழுதிக் கையெழுத்துக் கேளுங்கள். தர மாட்டேன் என்றால் கேட்டும் வண்டியும் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து, அப்போதே முதலாளிக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள். வண்டி காத்து நின்றதற்கான ஹால்டிங் காசு கேட்பதற்கு அவரிடம் நேரக் கணக்கு இருக்க வேண்டும். கணக்கு இல்லாவிட்டால் புக்கிங் ஆபீஸ்காரர், ‘ஒரு நாள்தானே நின்னுது’ என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார். ஹால்டிங் வந்தால் அதில் டிரைவர்களுக்கு எவ்வளவு என்பதை வண்டியில் ஏறும் முன்பே பேசிவிடுங்கள். நான் பதினொரு வருடம் அதைப் பேசாமலேயே ஓட்டினேன்.

சரக்கோடு போகும் ஜி.எஸ்.டி. சீட்டான இ-வே பில் எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் நீங்களே பாருங்கள், சீனியர் பார்த்திருப்பார் என்று விடாதீர்கள். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது கணக்கு. சேலத்திலிருந்து நாசிக் சுமார் 1250 கிலோமீட்டர் என்றால் ஏழு நாள் கிடைக்கும், தாராளம். வழியில் கியர்பாக்ஸ் போய்ப் படுத்துவிட்டால்தான் சிக்கல். காலாவதியாகும் நேரத்துக்கு எட்டு மணி நேரம் முன்னாலிருந்து, ஆன பிறகு எட்டு மணி நேரம் வரைக்கும் நீட்டித்துக்கொள்ளலாம். ஆபீஸுக்கு நினைவுபடுத்தி போன் அடிக்க வேண்டியது நாம்தான்.

நிற்கிற நேரத்தில் பாஷை பழகுங்கள். என் முதல் வெங்காய நடையில், லாசல்காவ் மண்டியில் ஒருவர் ‘காண்டா, காண்டா’ என்று கையை நீட்டினார். மராத்தியில் வெங்காயத்துக்கு காந்தா என்று அதற்கு முதல் நாள்தான் தெரிந்துகொண்டிருந்தேன். வெங்காயத்தைப் பார்க்கச் சொல்கிறார் போலிருக்கிறது என்று உள்ளே போய்க் குவியல் குவியலாகப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அவர் சொன்னது எடை மேடையை. அதற்குள் என் பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் எடை போட்டுவிட்டுப் போயிருந்தன. ஒரு எழுத்துக்கு அரை நாள் போனது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நின்ற நேரத்துக்குப் பெரும்பாலும் யாரும் காசு தருவதில்லை. அதனால் விட்டதை ரோட்டில் பிடிக்கப் பார்க்கிறோம். ஒன்று, ராத்திரி தூங்காமல் விரட்டுகிறோம். இன்னொன்று, டீசலில் மிச்சம் பிடிக்கிறோம். உங்கள் சீனியர் செய்கிற இரண்டும் இந்த வாசலில்தான் தொடங்குகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த இரண்டரை நாளில் நீங்கள் தூங்கினீர்களா? எழுதவில்லை. தூங்கியிருக்க மாட்டீர்கள். கேபின் கொதிக்கும், கொசு, எப்போது நம்பரைக் கூப்பிடுவார்களோ என்ற பயம், மிச்ச நேரத்துக்கு போன். 2025 அக்டோபர் 1-க்குப் பிறகு தயாராகும் லாரிகளில் கேபினுக்கு ஏசி கட்டாயம். அதற்கு முந்தைய வண்டிகளில் இருப்பவர்களுக்கு இன்னும் அடுப்புதான். சும்மா இருந்த இரண்டு நாள் முடிந்து, தூக்கம் பாக்கியோடு வண்டியை எடுக்கிற கொடுமை நம் தொழிலில் சாதாரணம். முறை வைத்துத் தூங்குங்கள், ஒருவர் வரிசையைப் பார்க்க ஒருவர் படுக்கட்டும். ஆனால் வண்டிக்கு அடியில் பாய் விரிக்காதீர்கள். நிழல் இருக்கும், காற்று வரும், எல்லாரும் படுக்கத்தான் செய்கிறார்கள். வரிசை நகர்ந்துவிட்டது என்று கூட இருப்பவர் அவசரத்தில் வண்டியை எடுத்தால் குனிந்து பார்ப்பார் என்று என்ன நிச்சயம்?

ராத்திரி இரண்டிலிருந்து ஐந்து வரை உடம்பு தூங்கப் பார்க்கும் நேரம். அது டீயின் பேச்சைக் கேட்காது. என் முதல் வருடம், ஹிரியூர் தாண்டி சித்ரதுர்கா போகும் வழி, ரோடு நூல் பிடித்த மாதிரி. மலை மேலே காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் தெரிந்தது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது டயருக்கடியில் ஜல்லி நொறுங்கும் சத்தம். கண் திறந்துதான் இருந்தது, அதுதான் பயங்கரம். கூட வந்தவர் திட்டவில்லை. ‘எறங்கி மொகத்தக் கழுவு’ என்றும் சொல்லவில்லை. வண்டியை பங்கில் போடச் சொல்லி, ‘ரெண்டு மணி நேரம் படு’ என்றார். முகம் கழுவினால் பத்து நிமிடம் தாங்கும், அவ்வளவுதான். கடைசி ஐந்து கிலோமீட்டர் எப்படி வந்தோம் என்று நினைவில்லையா, நிறுத்திவிடுங்கள். 1961-லேயே நம் நாட்டில் மோட்டார் தொழிலாளர்களுக்கு நாளைக்கு 8 மணி நேர வேலை, 5 மணி நேரத்துக்கு ஒரு தடவை அரை மணி ஓய்வு என்று சட்டம் போட்டார்கள். நான் ஓட்டிய வண்டிகளுக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை.

புது ஆளுக்கு இரண்டு மணி ஷிப்டைத் தருவது சரியில்லை. இரவு எட்டிலிருந்து ஒன்று வரை கேட்டுப் பாருங்கள்.

இப்போது நியூட்ரல். உங்கள் சீனியர் கெட்டவர் இல்லை. நடைக்கு இவ்வளவு டீசல் என்று முதலாளி கணக்குப் போட்டுக் கொடுத்து, மிச்சமானது டிரைவருக்கு என்றால் யாருக்கும் கை அந்தப் பக்கம்தான் போகும். நானும் போட்டிருக்கிறேன். ஆனால் நீங்கள் மெக்கானிக்கல் படித்தவர், யோசித்துப் பாருங்கள். இப்போதைய புகை விதிப்படி வரும் பி.எஸ். 6 வண்டியில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டுக் கியரிலேயே இறங்கினால் எஞ்சினுக்கு டீசல் போவது நின்றுவிடும், சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றும். நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் குடித்துக்கொண்டே இருக்கும். லேசான சரிவில் நியூட்ரலில் கொஞ்சம் தூரம் கூடுதலாக உருளும் என்பது வாஸ்தவம். பிரேக் மிதிக்க வேண்டிய அளவுக்கு இறக்கம் இருந்தால் அந்த லாபமும் கிடையாது.

வண்டியும் சரக்குமாக 28 டன். நியூட்ரலில் அவ்வளவையும் பிரேக் லைனர் மட்டுமே பிடிக்க வேண்டும். புகைக்குழாயை அடைத்து எஞ்சினால் வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் உதவாது, அது கியரில் இருந்தால்தான் வேலை செய்யும். மிதிக்க மிதிக்க டிரம் சூடேறி விரியும், லைனர் வழுக்கும், பிரேக்கை இயக்கும் காற்றும் இறங்கும். முதலில் ஒரு கருகல் வாடை. அப்புறம் மிதித்தும் பிடிக்காது. அந்த நேரத்தில் கியரைப் போடலாம் என்று பார்த்தால் விழாது, கரகரவென்று சத்தம்தான் வரும். சாவியையே அணைத்துவிட்டு இறங்குகிற மகாராஜாக்களும் உண்டு. காற்றுக்கு கம்ப்ரஸரும் இல்லை, பவர் ஸ்டியரிங்கும் இல்லை.

உங்கள் நடையிலேயே இரண்டு இடம் இருக்கிறது. புனேயில் புதிய காத்ரஜ் சுரங்கம் தாண்டி நவலே பாலம் வரைக்கும் ஒரு சரிவு. அகலமான நல்ல ரோடு, இறங்குகிறோம் என்றே தெரியாது, பாலத்தடியில் ஊர்க்கூட்டம். அங்கே நடந்த லாரி விபத்துகளில் நியூட்ரல் திரும்பத் திரும்பப் பேசப்பட்டிருக்கிறது. இன்னொன்று நம் தொப்பூர். தர்மபுரியிலிருந்து வரும்போதுதான் இறக்கம். ஒன்பது நாள் களைப்பு, பின்னால் வெங்காயம், வீட்டுக்கு இன்னும் இரண்டு மணி நேரம்கூட இல்லை. அங்கேதான் ஒரு தடவை என் பின்சக்கரத்தில் புகை வந்தது. பக்கத்தில் போன பஸ் கண்டக்டர் கையை ஆட்டிச் சொன்னதால் தெரிந்தது. பிரேக் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்ததால் ஓரம்கட்டிக் கல்லைப் போட்டோம். நான் குடத்தோடு ஓடினேன். கூட இருந்தவர் என் கையைத் தட்டிவிட்டார், சூட்டோடு தண்ணீர் ஊற்றினால் டிரம் வெடிப்பு விடும். இரண்டு மணி நேரம் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தோம். அதுவரை மிச்சம் பிடித்த டீசலெல்லாம் லைனர் மாற்றியதில் போயிற்று.

ஏறினால் எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரில் இறங்குங்கள். சரிவு தொடங்கும் முன்பே போட்டுவிட வேண்டும். சீனியரிடம் வாதம் செய்யாதீர்கள். ‘இன்னும் கை பழகலீங்ணா, கியர்லயே எறங்கிக்கறேன்’ என்று சொன்னால் அவரால் ஒன்றும் சொல்ல முடியாது. அவர் ஓட்டும்போது என்ன செய்வது என்பதுதான் கஷ்டம். இரண்டு நடை பாருங்கள். மாறவில்லை என்றால் வேறு வண்டி பாருங்கள். சங்ககிரியில் இன்றைக்கு டிரைவர் இல்லாமல் வண்டிதான் நிற்கிறது, வண்டி இல்லாமல் டிரைவர் நிற்கவில்லை.

அம்மா சொல்வது பொய் இல்லை. எனக்கு நாலு இடம் தட்டிப்போனது. ஐந்தாவது இடத்தில் மாமனாரே டிரைவர்.

சாப்பாட்டு விஷயத்தில் நான் உங்கள் கட்சியா அவர் கட்சியா தெரியவில்லை, ஆனால் சமையுங்கள். மூன்று லிட்டர் குக்கர் ஒன்று, சின்ன ஸ்டவ் ஒன்று, புளி, மிளகாய்த்தூள், பருப்பு. கேபினுக்குள் பற்றவைக்க வேண்டாம், இறங்கி நிழலில் வைத்துக்கொள்ளுங்கள். காசு மிச்சமாகும் என்பதெல்லாம் இரண்டாவது. நாசிக் வாசலில் குழம்பு கொதித்தால் பக்கத்து வண்டியிலிருந்து திருச்செங்கோட்டுக்காரரோ நாமக்கல்காரரோ தட்டோடு வந்துவிடுவார். எந்தக் குடோனில் அன்றைக்கே இறக்குவார்கள், எங்கே மூன்று நாள் ஆகும், எந்த பங்கில் குளிக்க விடுவார்கள், எங்கே ராத்திரி டீசல் திருட டேங்கில் குழாய் விடுவார்கள் என்பதெல்லாம் எனக்கு அந்தத் தட்டுக்காரர்கள் சொல்லித்தான் தெரியும். அரிசி மட்டும் பத்துக் கிலோ சேலத்திலேயே ஏற்றிக்கொள்ளுங்கள், அங்கே கிடைக்கிற அரிசி நம் குழம்புக்குச் சேராது.