ஜேஆர்எஃப் முடிவு வரும்வரை எப்படித் தாக்குப்பிடிப்பது?

கேள்வி: நெட் (கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கும் ஆய்வுக்குமான தேசியத் தகுதித் தேர்வு) எழுதிவிட்டு ஜேஆர்எஃப் (ஆய்வு மாணவர்களுக்கான மாத உதவித்தொகை) முடிவுக்காகக் காத்திருக்கிறேன். தூக்கம் வரவில்லை, வேறு வேலையும் ஓடவில்லை. இந்த நாட்களை நீங்கள் எப்படிக் கடந்தீர்கள்?

விடைக்குறிப்பு வந்துவிட்டதா? வந்திருந்தால் உங்கள் மதிப்பெண் ஏறக்குறைய உங்களுக்கே தெரியும். பாக்கி இருப்பது கட்-ஆஃப், அதாவது தேர்வாவதற்கான குறைந்தபட்ச மதிப்பெண். அது உங்கள் பாடத்தில், உங்கள் பிரிவில் மற்றவர்கள் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது, ராத்திரி முழுக்க விழித்திருந்தாலும் அதில் ஒரு புள்ளியைக்கூட நம்மால் அசைக்க முடியாது. இதைச் சொல்வது சுலபம் என்று எனக்கும் தெரியும். ஏனென்றால் நான் காத்திருந்தது 2024 ஜூன் தேர்வுக்கு.

எனக்கு ஊர் கடலூர், மஞ்சக்குப்பம். பாடம் வரலாறு. ஜூன் 18 அன்று ஓஎம்ஆர் தாளில் எழுதிவிட்டு, நன்றாகவே செய்திருக்கிறேன் என்ற தெம்போடு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் ராத்திரியே தேர்வு ரத்து என்று செய்தி. அப்புறம் ஆகஸ்ட் 21 முதல் செப்டம்பர் முதல் வாரம் வரை கணினியில் மறுதேர்வு வைத்து, முடிவு அக்டோபர் 17 அன்றுதான் வந்தது. அதுவரை வீட்டில் எல்லாப் பேச்சும் அதில்தான் வந்து நின்றது. அம்மா தினமும் "ரிசல்ட் வந்துச்சா பாப்பா?" என்று கேட்டுவிடுவார், அது பரவாயில்லை. அப்பா கேட்கவே மாட்டார், நான் போனை எடுக்கும்போதெல்லாம் என் முகத்தைப் பார்ப்பார். அதுதான் தாங்கவில்லை.

விடைக்குறிப்பு வந்த அன்றைக்கு ஒரு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். நீங்களும் இன்னும் செய்யவில்லை என்றால் இன்றைக்கே செய்யுங்கள், கொஞ்சம் கண் வலிக்கிற வேலைதான். நீங்கள் தேர்ந்தெடுத்த விடைகள் ஒரு பிடிஎஃப்பில் இருக்கும், சரியான விடைகள் இன்னொரு பக்கத்தில். கேள்விக்கும் ஒரு நீள எண், ஒவ்வொரு விடைக்கும் ஒரு நீள எண், முதல் தாளில் 50, இரண்டாம் தாளில் 100, ஆக 150 கேள்விக்கும் கடைசி மூன்று நான்கு இலக்கங்களை வைத்து ஒப்பிட்டுக்கொண்டே போக வேண்டும். தவறுக்குக் கழிப்பது கிடையாது, கேள்விக்கு 2 மதிப்பெண், அதனால் கூட்டல் எளிது. குறிப்பிலேயே தவறு இருப்பதாக உறுதியாகத் தெரிந்தால் கேள்விக்கு 200 ரூபாய் கட்டி ஆட்சேபம் தெரிவிக்கலாம், ஆனால் கையில் ஆதாரப் புத்தகம் இருந்தால் மட்டும் செய்யுங்கள். கூட்டி முடித்தபோது, உதவிப் பேராசிரியர் தகுதி வந்துவிடும், ஜேஆர்எஃப் இழுபறிதான் என்று புரிந்தது. விசித்திரம் என்னவென்றால் அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

அதற்குப் பிறகு நான் செய்த ஒரே நல்ல காரியம், முடிவு வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்திருந்ததையெல்லாம் கையில் எடுத்தது. கடலூரிலிருந்து பஸ் பிடித்துப் பாண்டி, அங்கிருந்து ஈசிஆர் வழியாகக் காலாப்பட்டு. அங்கே இருக்கும் பாண்டிச்சேரி பல்கலைக்கழகத்தில் என் தலைப்புக்குப் பக்கமாக வேலை செய்யும் ஒரு பேராசிரியரைப் பார்த்து, ஆய்வு முன்மொழிவைக் கொடுத்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "இதுக்கு ஆவணம் எங்கே இருக்கு, பார்த்திருக்கியாம்மா?" ஜேஆர்எஃப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த முன்மொழிவைத் திருத்தி எழுதிக்கொண்டிருந்த வாரங்களில்தான் போனைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கும் பழக்கம் குறைந்தது.

அக்டோபரில் எனக்கு ஜேஆர்எஃப் வரவில்லை. அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் 2024 ஜூன் சுழற்சியிலிருந்து நெட் பர்சன்டைலை (எழுதியவர்களில் எத்தனை சதவீதம் பேரைவிட முன்னால் இருக்கிறோம் என்ற கணக்கு) வைத்தே முனைவர் பட்டச் சேர்க்கை உண்டு, தேர்வில் அதற்கு 70 சதவீத மதிப்பு, நேர்காணலுக்கு 30. அந்த நெட் மதிப்பெண் ஒரு வருடம் செல்லும். நேர்காணலில் கேட்டது முழுக்க நான் திருத்தித் திருத்தி எழுதிய விஷயம். ஆய்வில் சேர்ந்துவிட்டேன். ஜனவரியில் மறுபடி எழுதினேன், 2025 பிப்ரவரியில் வந்த முடிவில் ஜேஆர்எஃப் கிடைத்தது. ஏற்கனவே சேர்ந்திருப்பவர்களுக்கு உதவித்தொகைக் கணக்கு முடிவு வெளியான தேதியிலிருந்துதான் தொடங்கும், முன்னால் சேர்ந்த மாதங்களுக்குக் கிடையாது. இதைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள்.

பணம்தான் உங்கள் பயம் என்றால் அதையும் சொல்கிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் உண்மையான பயம் அதுதான். முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அதன்பிறகு எஸ்ஆர்எஃப் (அடுத்த கட்ட உதவித்தொகை) ஆனதும் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. பெரிய தொகைதான். ஆனால் சேர்ந்த முதல் மாதமே கைக்கு வந்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள், காகித வேலைகள் முடிந்து மொத்தமாக வரும்வரை கையில் ஏதாவது இருக்க வேண்டும். டியூஷன் எடுப்பவர் என்றால் இப்போதே விட்டுவிடாதீர்கள். இன்னொன்று, ஜேஆர்எஃப் கிடைத்தால் அதற்குத் தரும் கடிதம் மூன்று வருடம் செல்லும். கிடைத்த மறுவாரமே ஏதோ ஓரிடத்தில், ஏதோ ஒரு தலைப்பில் சேர்ந்தாக வேண்டும் என்று யாராவது அவசரப்படுத்தினால் காதில் வாங்காதீர்கள்.

டெலிகிராம் குழுக்களிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். "இன்னைக்கு நைட் கண்டிப்பா" என்று எழுதுபவருக்கும் உங்களுக்குத் தெரிந்ததுதான் தெரியும். முடிவு வந்தால் எப்படியும் யாராவது போன் செய்துவிடுவார்கள்.

ஓபிசி பிரிவில் விண்ணப்பித்திருந்தால் கிரீமி லேயரில் (ஓபிசி பிரிவில் வசதி மிகுந்தவர்கள்) வராதவர் என்ற சான்றிதழ் மத்திய அரசு படிவத்தில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். நம்மிடம் வழக்கமாக இருக்கும் சாதிச் சான்றிதழ் வேறு. இல்லையென்றால் நாளைக்கே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள், முடிவு வந்தபிறகு அதற்காக அலைய நேரம் இருக்காது.