பழைய போனுக்கு சாச்சா20 போதுமா?

கேள்வி: எங்கள் கடைக் கணக்கை என்கிரிப்ட் செய்து பேக்கப் எடுக்கச் சின்னதாக ஓர் ஆப் எழுதுகிறேன். எல்லாம் பழைய ஆண்ட்ராய்டு போன்கள். என்கிரிப்ட் செய்யப் பரவலாகப் பயன்படும் ஏஇஎஸ் முறையை விட சாச்சா20 என்ற முறை வேகம் என்கிறார்கள். நம்பிப் போடலாமா?

பதில்: தாராளமாகப் போடலாம், ஆனால் தனியாகப் போடாதீர்கள்.

டேனியல் பெர்ன்ஸ்டீன் 2008இல் வெளியிட்ட முறை இது. உள்ளே நடப்பதெல்லாம் 32 பிட் எண்களைக் கூட்டுவது, சுழற்றுவது, எக்ஸார் போடுவது (இரண்டு பிட்டும் வேறாக இருந்தால் 1, ஒன்றாக இருந்தால் 0), அவ்வளவுதான். மலிவான சிப்பும் மளமளவென்று செய்துவிடும். ஏஇஎஸ்ஸை அட்டவணை வைத்து மென்பொருளில் எழுதினால், அட்டவணையில் எந்த இடத்தைத் தொட்டோம் என்பது நேர வித்தியாசத்தில் கசிந்து சாவியையே காட்டிக்கொடுக்கக்கூடும். இதில் அட்டவணையே கிடையாது. 2014இல் ஆண்ட்ராய்டு குரோமில் இதைக் கொண்டுவந்த கூகுள், ஏஇஎஸ்ஸுக்கென்று வன்பொருள் இல்லாத போன்களில் மூன்று மடங்கு வேகம் என்றது. அந்த வன்பொருள் உள்ள புது போன் என்றால் பொதுவாக ஏஇஎஸ்தான் முந்தும். சாச்சா20 இந்தக் கலக்கலை 20 சுற்று செய்கிறது; முழு 20 சுற்றையும் இதுவரை யாரும் உடைத்ததில்லை.

சரி, பலவீனத்துக்கு வருவோம். சாவியும் நான்ஸும் (ஒவ்வொரு முறையும் புதிதாகத் தரவேண்டிய எண்) சேர்ந்து ஒரு பிட் ஓடையை உண்டாக்கும், அது உங்கள் கணக்கோடு எக்ஸார் ஆகும். அதே சாவியில் அதே நான்ஸ் இரண்டாம் முறை வந்துவிட்டால், நேற்றைய பேக்கப்பையும் இன்றையதையும் எக்ஸார் செய்தாலே ஓடை கழன்றுபோய், இரண்டு கணக்கும் கலந்து கிடைக்கும். ஒரே அமைப்பில் இருக்கும் கணக்கைப் பிரித்தெடுப்பது அப்புறம் பெரிய வேலையில்லை. சாவி பாஸ்வேர்டிலிருந்து வருகிறது, நான்ஸ் எண்ணிக்கையாக ஏறுகிறது என்றால், ஆப்பை நீக்கி மறுபடி போடும்போது எண்ணிக்கை பூஜ்ஜியத்தில் தொடங்குகிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

இன்னொன்று. ஆஸ்கியில் '1'க்கும் '9'க்கும் ஒரே ஒரு பிட்தான் வித்தியாசம். 1000 ரூபாய் எந்த இடத்தில் எழுதியிருக்கிறது என்று தெரிந்த ஒருவர், சாவி தெரியாமலே அந்த ஒரு பிட்டை மாற்றி வைத்தால், திறக்கும்போது 9000 என்று நிற்கும், சாச்சா20 வாயே திறக்காது. அதைப் பிடிப்பதற்குத்தான் பாலி1305, தகவலை யாராவது மாற்றினார்களா என்று காட்டும் முத்திரை. இணையதள இணைப்பைக் காக்கும் டிஎல்எஸ் 1.3, விபிஎன் மென்பொருளான வயர்கார்ட் எல்லாமே சாச்சா20ஐ இதோடு சேர்த்துத்தான் வைத்திருக்கின்றன.

நான்ஸை ரேண்டமாக எடுக்கப்போகிறீர்கள் என்றால் வழக்கமான 96 பிட் கொஞ்சம் குறுகல், அதே நான்ஸ் மறுபடி வந்துவிட வாய்ப்புண்டு. 192 பிட் நான்ஸ் உள்ள எக்ஸ்சாச்சா20, பாலி1305உடன் சேர்ந்தே லிப்சோடியம் என்ற என்கிரிப்ஷன் நிரல் நூலகத்தில் தயாராக இருக்கிறது. அதை அப்படியே எடுத்துப் போடுங்கள், நீங்களாக எழுதி இணைக்க வேண்டாம்.