காலையில் பார்த்தால் அனிமோன் கரைந்து கிடக்கிறது

உப்புத்தண்ணீர் டேங்க் வைத்திருக்கும் நம்ம பக்கத்து ஆட்கள் இந்தக் கோடையில் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். எல்லாம் ஒரே விஷயம்தான்: நன்றாக இருந்த அனிமோன் (பாறையில் ஒட்டிக்கொண்டு பூப்போல விரியும் கடல் உயிர்) திடீரென்று போய்விட்டது.

பாளையங்கோட்டை: அண்ணாச்சி, எட்டு மாதம் வளர்த்த பப்பிள் டிப் வகை அனிமோன். ராத்திரி சுருங்கியிருந்தது, காலையில் கூழாகக் கிடக்கிறது. தண்ணீர் பால் மாதிரி கலங்கிவிட்டது. அதற்குள் குடியிருந்த க்ளவுன் மீன் ரெண்டும் மேலே வந்து வாயைத் திறக்கின்றன. முதலில் என்ன செய்ய?

முதலில் அதை வெளியே எடுங்கள் தம்பி. வலையைப் போட்டால் பிய்ந்து டேங்க் முழுக்கப் பரவும். கையுறை மாட்டிக்கொண்டு, ஒரு மக்கை அதன் மேல் கவிழ்த்து மெதுவாக அள்ளுங்கள். மிச்சத்தை ட்யூபால் உறிஞ்சி எடுங்கள். பாறை இடுக்கில் ஒட்டியிருந்தால் பாறையையே தூக்கி, கடல் உப்புக் கலந்த தண்ணீரில் அலசுங்கள்.

அனிமோன் உடம்பு பெரும்பாலும் தண்ணீரும் சதையும்தான். செத்த சில மணி நேரத்தில் அழுக ஆரம்பித்துவிடும், அம்மோனியா ஏறும். மீன் மேலே வந்து மூச்சு வாங்குவது அதனால்தான், ஆக்சிஜன் குறைந்ததாலும் இருக்கும். ஏர் பம்ப் உடனே போடுங்கள். தண்ணீரைச் சுத்தம் செய்யும் கார்பன் கரியைப் புதிதாக வையுங்கள். ஸ்கிம்மர் (அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி) பொங்கி வழியும், கப்பை அடிக்கடி கொட்டுங்கள். உப்பளவும் சூடும் ஒத்துப்போகிற தண்ணீர் தயாராக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு மாற்றுங்கள். நாலு நாளைக்குக் காலையும் மாலையும் அம்மோனியா டெஸ்ட். ரெண்டு நாள் தீனி வேண்டாம்.

கலந்த தண்ணீர் ஒரு டிரம் எப்போதும் தயாராக இருக்கட்டும். அவசரத்தில் உப்பைக் கரைத்து அப்படியே ஊற்றினால் இருக்கிற பவளமும் போய்விடும்.

தென்காசி: சுருங்கிக் கிடந்தாலே செத்ததென்று எடுத்துவிடலாமா?

வேண்டாம். அனிமோன் உள்ளே இருக்கும் தண்ணீரையும் கழிவையும் வெளியே தள்ளும்போது சூம்பிப்போய்ப் பயமுறுத்தும், சில மணி நேரத்தில் விரிந்துவிடும். வாய் பிளந்தே இருப்பது, வாயிலிருந்து நூல் நூலாக வெளியே தள்ளுவது, பாதம் எதையும் பிடிக்காமல் உருளுவது, சதை உரிவது, இவைதான் கெட்ட அறிகுறி. சந்தேகமாக இருந்தால் தொட்ட விரலை முகர்ந்து பாருங்கள். செத்த அனிமோன் நாற்றத்தை ஒருமுறை பிடித்தவர் மறக்க மாட்டார்.

வள்ளியூர்: உவரியிலிருந்து கடல்தண்ணீர் கொண்டுவந்துதான் டேங்க் வைத்திருக்கிறேன். வெயிலுக்குத் தினமும் ரெண்டு விரல் வற்றுகிறது, அதே கடல்தண்ணீரை ஊற்றி நிரப்புகிறேன். ரெண்டு மாதத்தில் கார்பெட் அனிமோன் செத்துவிட்டது. இப்போது உப்பளவு (தண்ணீரின் ஒப்படர்த்தி) 1.031 காட்டுகிறது.

காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. வெயிலில் வற்றுவது தண்ணீர் மட்டும்தான், உப்பு டேங்கிலேயே நிற்கிறது. நம்ம தூத்துக்குடி உப்பளத்தில் நடப்பதும் இதுதானே! வற்றுகிற அளவுக்கு ஆர்ஓ தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். 1.025-ல் இருக்க வேண்டியது தினம் கொஞ்சமாக ஏறியதால் உங்களுக்குத் தெரியவில்லை. ஒரே நாளில் இறக்காதீர்கள். மற்ற உயிர்கள் தாங்கும்படி நாளைக்கு 0.001 வீதம் இறக்குங்கள்.

மழைக்காலத்தில் இதற்கு நேர்மாறு நடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஆறு பெருகிக் கடலில் கலக்கும்போது கரையோரத் தண்ணீரில் உப்புக் குறையும். ரிஃப்ராக்டோமீட்டரில் (உப்பளவு பார்க்கும் கருவி) பார்க்காமல் ஊற்றாதீர்கள்.

பெருமாள்புரம்: எங்களுக்குத் தாமிரபரணித் தண்ணீர் வருகிறது. அதைவிடவா ஆர்ஓ நல்லது?

குடிப்பதற்கு அதைப்போல வேறு தண்ணீர் கிடையாது, நானும் அதைக் குடித்து வளர்ந்தவன். ஆனால் குழாய்க்கு வரும்போது குளோரின் சேர்ந்தே வருகிறது, அனிமோனுக்கு அது ஆகாது. ஆர்ஓதான்.

திருநெல்வேலி டவுன்: மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து கரண்ட் இல்லை. சாயங்காலம் வந்து பார்த்தால் அனிமோன் பாறையை விட்டு உருண்டு கிடக்கிறது. டேங்க் 32 டிகிரி.

இன்னும் சாகவில்லை, காப்பாற்றலாம். 25-லிருந்து 27 டிகிரிதான் அதற்குச் சரி. மின்விசிறியைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் திருப்பி வையுங்கள். ஆவியாகும்போது ரெண்டு மூன்று டிகிரி குறையும். நம்ம ஊர் வறண்ட காற்றில் நன்றாகவே வேலை செய்யும், கடலோரப் புழுக்கத்தில் அவ்வளவு குறையாது. ஐஸை நேராகப் போடாதீர்கள். சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் குறையும், அதோடு மோட்டாரும் நின்றால் ரெட்டை அடி. பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கி வைத்துவிடுங்கள், விலை அதிகமில்லை.

அம்பாசமுத்திரம்: தண்ணீர் அளவெல்லாம் சரி அண்ணாச்சி. டேங்க் இருக்கிற அறையில் ராத்திரி கொசு மருந்து மெஷின் ஓடும். அதனால் இருக்குமா?

இருக்கலாம். அந்த மருந்துகளில் பெரும்பாலும் இருப்பது பைரித்ராய்டு வகை. மீனுக்கும் இறாலுக்கும் அது கடும் விஷம். ஏர் பம்ப் அறைக்காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் விடுகிறது. வலை கட்டிப் படுங்கள்.

களக்காடு: வயதாகிச் செத்திருக்குமோ?

இல்லை தங்கச்சி. 1828-ல் ஸ்காட்லாந்து கடற்கரையில் ஜான் டேலியல் என்பவர் எடுத்த அனிமோன் ஒன்று கண்ணாடி ஜாடியிலேயே 1887 வரை உயிரோடு இருந்தது. வளர்த்தவர் 1851-லேயே போய்விட்டார். நம் டேங்கில் ரெண்டு வருஷத்தில் செத்தால் காரணம் நம் டேங்கில்தான் இருக்கிறது. பழி சொல்லவில்லை, தேடினால் கிடைக்கும் என்கிறேன்.

என்னிடம் ஒரு கார்பெட் இருந்தது. ரெண்டு வாரமாக இடம் விட்டு இடம் நகர்ந்துகொண்டே இருந்தது. வெளிச்சமோ தண்ணீர் ஓட்டமோ பிடிக்கவில்லை என்று அது சொன்னதை நான் கவனிக்கவில்லை. ஒரு ராத்திரி வேவ்மேக்கரில் (டேங்க் தண்ணீரை ஓடவைக்கும் மோட்டார்) மாட்டித் துண்டு துண்டாகிவிட்டது. அன்றிலிருந்து வேவ்மேக்கருக்கு வலைக்கூடு போடாமல் நான் அனிமோன் வைப்பதில்லை. நகர ஆரம்பித்தால் அன்றே டெஸ்ட் கிட்டை எடுப்பேன்.

தூத்துக்குடி: அனிமோன் போனதிலிருந்து க்ளவுன் மீன் மூலையிலேயே நிற்கிறது, பார்க்க முடியவில்லை. தீவுப் பக்கம் போகிறவர்களிடம் சொன்னால் ஒன்று எடுத்துத் தருவார்கள். வாங்கவா?

வேண்டாம். தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை உள்ள 21 தீவுகளும் 1986 முதல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. அங்கிருந்து உயிர்களை எடுப்பது குற்றம். பவளம் ஏற்கெனவே வெளுத்து நொந்து கிடக்கிற இடத்திலிருந்து நம் கண்ணாடிப் பெட்டிக்காக ஒன்றைப் பிடுங்க எனக்கு மனசு வராது. அனிமோன் இல்லாமலும் க்ளவுன் டேங்கில் நன்றாக வாழும், சீக்கிரம் வேறு மூலையைப் பிடித்துக்கொள்ளும். அவசரமே இல்லை.

பப்பிள் டிப் தானே ரெண்டாகப் பிரியும். என்னிடம் இருப்பது பங்குனியில் பிரிந்தது. உங்கள் டேங்கில் மூன்று மாதம் உப்பும் சூடும் அம்மோனியாவும் எழுதி வைத்துக் கொண்டு வாருங்கள். அளவு ஆடாமல் இருந்தால் பாறையோடு ஒன்றைத் தருகிறேன், காசு வேண்டாம்.