நாலு மாதம் கடலில் குடித்தனம்: உலகம் சுத்துற கப்பல் பற்றிக் கேள்வி பதில்

பிள்ளையள் லண்டனிலையும் ரொறன்ரோவிலையும் இருந்து ரிக்கெற் போட்டுட்டினம், ஊரில் இருக்கிற தாய் தேப்பனுக்கு இனித்தான் யோசனை. அப்பிடி வந்த கேள்வியளுக்கு இது பதில். முதல் ஒண்டைச் சொல்லிப்போடுறன். எல்லாரும் துறைமுகப் பட்டியலைப் பாத்துத்தான் கப்பலைத் தெரிவு செய்யினம். 110, 120 நாள் பயணத்தில் அரைவாசிக்குக் கிட்ட கரையே தெரியாத நாள். அந்த நாளுக்கு ஆயத்தம் செய்யுங்கோ. அறை, மருந்து, சாப்பாடு, உடுப்புத் தோய்ச்சல் நாலும் ஒழுங்கெண்டால் மற்றதெல்லாம் தன்பாட்டில் நடக்கும்.

மானிப்பாயில் இருந்து ஒரு ஐயா: இலங்கைப் பாஸ்போர்ட்தான் இருக்கு. கப்பலை விட்டு இறங்காமல் இருந்தால் விசா தேவையில்லை எண்டு சொல்லினம். உண்மையோ?

எல்லா நாட்டுக்கும் உண்மை இல்லை, ஐயா. சில நாடுகள் கப்பலில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் விசா கேக்கும், நீங்கள் இறங்கினாலும் சரி இறங்காட்டிலும் சரி. ஒரு விசா குறைஞ்சாலும் முதல் துறைமுகத்திலேயே ஏற விடமாட்டினம், காசும் திரும்பி வராது. கப்பல் கொம்பனியிட்டை இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு எண்டு தனியாப் பட்டியல் எழுத்தில் கேளுங்கோ. மகனுக்கு வந்த பட்டியல் பிரித்தானியப் பாஸ்போர்ட்டுக்கு உரியது, உங்களுக்கு அது உதவாது.

பிழை விடுற இடம் மூண்டு. ஒண்டு, ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பாவில் கன நாட்டுக்கும் பொதுவாச் செல்லுற விசா, பலமுறை நுழையிற விசாவா இருக்கவேணும். ஸ்பெயினுக்குப் போய், மொரோக்கோவுக்குப் போய், பிறகு இத்தாலிக்குப் போனால் அது இரண்டு நுழைவு. ரண்டாவது, ஷெங்கனுக்குப் பயணத்துக்கு 6 மாதத்துக்கு முன்னம் விண்ணப்பிக்க ஏலாது. சில நாட்டு விசா எடுத்துக் கொஞ்ச மாதத்திலேயே காலாவதியாயிடும். அதாலை பாதையின் கடைசியில் வாற நாட்டு விசாவைக் கடைசியா எடுக்கவேணும். மூண்டாவது, தூதரகங்கள் அசல் பாஸ்போர்ட்டை வாங்கி வைச்சிருப்பினம், ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்குக் குடுக்க ஏலாது. இதைக் கணக்குப் போட்டால் 8, 9 மாதத்துக்கு முன்னமே வேலை தொடங்கோணும். பயணம் முடிஞ்ச நாளில் இருந்து இன்னும் 6 மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியா இருக்கவேணும். வெறும் பக்கங்களையும் எண்ணிப் பாருங்கோ.

மஞ்சள் காய்ச்சல் ஊசியும் இதோடை சேர்ந்ததுதான். தென்னமெரிக்கா, ஆபிரிக்கா தொட்டு வாற பாதையெண்டால் கேப்பினம். ஊசி போட்டு 10 நாளுக்குப் பிறகுதான் சான்றிதழ் செல்லும், பிறகு ஆயுளுக்கும் செல்லும். 60 வயசு தாண்டினவை டொக்டரிட்டைக் கேக்காமல் போடவேண்டாம். அவைக்கு அந்த ஊசியால் பக்கவிளைவு வாற சாத்தியம் கூட. டொக்டர் வேண்டாம் எண்டால் விலக்குக் கடிதம் தருவார். எந்தெந்த நாடு அதை ஏற்கும் எண்டதைக் கொம்பனியிட்டை முதலே உறுதிப்படுத்துங்கோ.

கொக்குவிலில் இருந்து ஒரு அம்மா: எனக்குச் சீனி, பிரஷர் இரண்டும் இருக்கு. இன்சுலின் போடுறனான். நாலு மாத மருந்தை எப்பிடிக் கொண்டு போறது?

பயண நாளோடை 3 கிழமை கூட்டிக் கணக்குப் போடுங்கோ, அம்மா. 120 நாள் பயணம் எண்டால் 141 நாள். காலை ஒண்டு, இரவு ஒண்டு போடுற குளிசை 282 வேணும். கப்பல் மருந்தகத்தில் அவசர மருந்துதான் கிடக்கும், நீங்கள் போடுற அதே குளிசை இருக்கும் எண்டு நம்ப ஏலாது.

அடுத்தது முக்கியம். அரசாங்க ஆசுப்பத்திரிக் கிளினிக்கில் குளிசையை எண்ணிக் கடதாசிக் கவருக்குள்ளை போட்டுத் தருவினம். அந்தக் கவரோடை வெளிநாட்டுச் சுங்கத்துக்கு முன்னாலை நிக்க ஏலாது. என்ன குளிசை எண்டு அவைக்கு விளங்காது. பாமசியில் அட்டையோடை, பெட்டியோடை வாங்குங்கோ. கிளினிக் கொப்பியைக் காட்டி டொக்டரிட்டை ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எடுங்கோ. அதிலை மருந்தின் வியாபாரப் பேர் இல்லாமல் மூலப் பேர், அளவு, நாளுக்கு எத்தினை தரம் எண்டு இருக்கோணும். தடிமன் குளிசையளையும் பாருங்கோ: சூடோஎபெட்ரின் 10 வீதத்துக்கு மேலை இருந்தால் யப்பானுக்குள்ளை கொண்டுபோக ஏலாது. நோக்குளிசையளில் வாற கோடீன், டிரமடோல் டுபாயில் கட்டுப்பாட்டு மருந்து.

இன்சுலின். உடைக்காததை 2 தொடக்கம் 8 பாகை செல்சியசில் வைக்கவேணும். அறையில் இருக்கிற சின்னப் பெட்டி பானத்தைக் குளிராக்கிறதுக்கு வைச்சது, பல கப்பலில் அது 8 பாகைக்கு இறங்காது. ரிக்கெற் போடேக்கையே மருந்துக்கான குளிர்சாதனப் பெட்டி வேணும் எண்டு எழுதிக் கேளுங்கோ. காசில்லாமல் குடுக்கிற கொம்பனியள் இருக்கு. சின்ன வெப்பமானி ஒண்டை அதுக்குள்ளை வைச்சு முதல் நாள் காலை, பின்னேரம், இரவு மூண்டு தரம் பாருங்கோ. பின்சுவரில் முட்ட வைச்சால் உறையும், உறைஞ்ச இன்சுலினை எறியத்தான் வேணும். பாவிச்சுக்கொண்டிருக்கிற பேனையை வெளியிலை வைக்கலாம். அனேகமானதுக்கு 28 நாள் கணக்கு, பெட்டிக்குள்ளை இருக்கிற தாளைப் பாருங்கோ. பாவிச்ச ஊசி போட அறை உதவியாளரிட்டை ஊசிப்பெட்டி கேளுங்கோ, குப்பைவாளிக்குள்ளை போடவேண்டாம். மருந்து முழுக்கக் கைப்பையில்தான் போகோணும்.

பல்லையும் வெளிக்கிட இரண்டு மாதத்துக்கு முன்னம் காட்டுங்கோ. கப்பலில் டொக்டர், தாதி, எக்ஸ்ரே இருக்கும், பல் வைத்தியர் பெரும்பாலும் இல்லை. காப்புறுதி எடுக்கேக்கை சீனி, பிரஷரை மறைக்காதையுங்கோ. கப்பல் பயணம், மருத்துவத்துக்காகக் கப்பலில் இருந்து கரைக்கு ஏத்துறது, பயணத்தின் மொத்த நாள், இந்த மூண்டும் அதிலை எழுதியிருக்கோணும். வருடக் காப்புறுதியள் கன இடத்தில் ஒரு பயணத்துக்கு 31 நாள் போலத்தான் குடுக்கும்.

நல்லூரில் இருந்து ஒரு அக்கா: அறையில் சாமிப்படம் வைச்சு விளக்குக் கொளுத்தலாமோ?

படம் வைக்கலாம், நெருப்பு ஏலாது. கப்பலில் ஆக அஞ்சுறது நெருப்புக்குத்தான். கற்பூரம், ஊதுபத்தி, மெழுகுதிரி எல்லாம் ஏறேக்கையே ஸ்கானில் பிடிச்சு எடுத்து வைப்பினம். பற்றரி விளக்கொண்டு கொண்டு போங்கோ, கழட்டி மாத்துற பற்றரியாப் பாத்து. விபூதியை கடைப் பெட்டியிலேயே வைச்சிருங்கோ. பேரில்லாத பொலித்தீன் பையில் வெள்ளைத்தூள் இருந்தால் ஒவ்வொரு துறைமுகத்திலையும் விளக்கம் சொல்லவேண்டி வரும்.

அறைச் சுவர் பெரும்பாலும் உலோகத் தகடு. காந்தக் கொழுக்கி 8, 10 கொண்டு போனால் படம், பை, ஈர உடுப்பு, தொப்பி எல்லாம் கொழுவலாம். இதைவிடப் பிரயோசனமான சாமான் கப்பல் வாழ்க்கைக்கு இல்லை.

சாவகச்சேரியில் இருந்து ஒரு ஐயா: கேக்கக் கூச்சமாத்தான் கிடக்கு. கக்கூசில் தண்ணி வசதி எப்பிடி?

இதைத்தான் முதல் கேட்டிருக்கோணும், ஐயா. வாளியும் இல்லை, கைப்பைப்பும் அனேகமா இல்லை. ஒடுங்கின வாயுள்ள பிளாஸ்ரிக் போத்தல் இரண்டு கொண்டு போங்கோ. அமத்தினால் தண்ணி பீச்சுற போத்தல் கிடைச்சால் இன்னும் நல்லம். தண்ணி போக வழி குளிக்கிற மூலையில்தான் இருக்கும், மற்ற நிலத்தில் ஊத்தினால் தேங்கி, படி தாண்டிக் கம்பளத்துக்கு வந்திடும்.

மலசலகூடம் காத்தை உறிஞ்சி இழுக்கிற வகை. ஒரு பைப் வழியில் கன அறை தொங்குது. ஒரு அறையில் துணித்துண்டோ, ஈரத்துடைப்போ, தேசிக்காய்த் தோலோ போட்டால் அந்த வரிசை முழுக்க அடைபடும். மூடியை மூடிப்போட்டு அமத்துங்கோ. பெரிய சத்தம் வரும், பயப்பிட ஒண்டும் இல்லை. குழாய்த் தண்ணி கடல்நீரை உப்பெடுத்துச் சுத்திகரிச்சது, குடிக்கலாம்.

உரும்பிராயில் இருந்து ஒரு அம்மா: நாங்கள் சைவம். நாலு மாதமும் பாணும் இலைகுழையுமோ? மிளகாய்த்தூள், ஒடியல் கொண்டு போகலாமோ?

பட்டினி கிடக்கமாட்டியள். ரிக்கெற் போடேக்கை இந்தியச் சைவச் சாப்பாடு எண்டு பதியுங்கோ. பதிஞ்சது குசினிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் எண்டு இருந்திடாதையுங்கோ. ஏறின முதல் இரவே சாப்பாட்டு மண்டபப் பொறுப்பாளரைக் கண்டு கதையுங்கோ: முட்டையும் இல்லை, மீன் சோஸும் இல்லை, கோழி எலும்பு அவிச்ச தண்ணியில் செய்த சூப்பும் இல்லை. சைவம் எண்ட ஒரு சொல்லில் அவைக்கு இவ்வளவும் விளங்காது. பிறகு ஒவ்வொரு இரவும் அடுத்த நாள் சாப்பாட்டைத் தெரிவு செய்து குடுத்திடுங்கோ. கன கப்பலில் இந்தியச் சமையற்காரர் இருக்கினம். முதல் நாளே சொன்னால் பருப்பும் இரண்டு கறியும் வரும், அந்த நேரத்தில் கேட்டால் அவிச்ச மரக்கறிதான் வரும்.

சோத்துக்குக்கர், கேத்தில், இஸ்திரிப்பெட்டி ஏத்த விடமாட்டினம். பிரித்தானியக் கப்பல்களில் கேத்தில் அறையிலேயே இருக்கும். கடையில் அடைச்ச பருப்புப்பொடி, ஊறுகாய், மிளகாய்த்தூள் சின்னப் பக்கெற்றாக் கொண்டு போங்கோ. வீட்டில் இடிச்சுப் போத்தலில் அடைச்ச தூளைக் கன கப்பலில் மறிப்பினம்.

ஒடியல், பனங்கட்டி, கருவாடு ஆசையில் கட்டினாலும் அவுஸ்திரேலியா, நியூசிலாந்துக் கரையில் இறங்கேக்கை பையில் ஒரு துண்டும் இருக்கக்கூடாது. நியூசிலாந்தில் சொல்லாமல் கொண்டுபோன சாப்பாட்டுக்கு அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டொலர் தண்டம். காலைச் சாப்பாட்டு மேசையில் இருந்து எடுத்துப் பையில் போட்ட அப்பிளும் இதுக்குள்ளை அடங்கும். சப்பாத்து அடியில் ஒட்டின மண்ணையும் முதல் நாளே கழுவுங்கோ.

வல்வெட்டித்துறையில் இருந்து ஒரு தம்பி: அப்பா கடல்காரன், அம்மாவுக்குத்தான் சத்தி. எந்த அறை எடுக்கிறது?

கப்பல் நீளத்தின் நடுவில், கீழ்த்தட்டில் எடுங்கோ. கப்பல் தராசுத்தண்டு போல ஆடும், நடுவில் அசைவு குறைவு, உயரம் கூடக்கூட ஆட்டம் கூடும். மேல்தட்டு முன்பக்க அறை விலையும் கூட, சத்தியும் கூட. சனவரியில் வட அத்திலாந்திக், பிஸ்கே விரிகுடா, நன்னம்பிக்கை முனை, அவுஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் இடையிலான தஸ்மன் கடல், இந்த இடங்களில் சத்திக்குளிசை முதலே போடவேணும். சினாரிசின் எண்டால் ஆட்டம் தொடங்க 2 மணித்தியாலம் முன்னம். சத்தி தொடங்கின பிறகு போட்டால் குளிசையும் சேர்ந்து வெளியிலை வரும். நித்திரை தூக்கும், பார்கின்சன் வருத்தக்காரருக்கு அது ஆகாது. டொக்டரிட்டைக் கேட்டுப்போட்டுத் தொடங்குங்கோ. வெறும் வயிறு ஆகாது, பிஸ்கற்றும் இஞ்சியும் கிட்ட வைச்சிருங்கோ. படிக்கவேண்டாம், தொடுவானத்தைப் பாக்கச் சொல்லுங்கோ. அதை அப்பாவே சொல்லிக்குடுப்பார்.

உங்கடை ஊர்க்காரருக்கு இது புதுக்கடலும் இல்லை. அன்னபூரணி எண்ட வல்வெட்டித்துறைப் பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது.

கோண்டாவிலில் இருந்து ஒரு தங்கச்சி: உடுப்பு எத்தினை? தோய்க்கிறது எப்பிடி?

10 நாளுக்குக் காணும் உடுப்பு போதும். தோய்க்கிற அறை இருக்கிற கப்பலாத் தெரிவு செய்யுங்கோ, எல்லாக் கப்பலிலும் அது இல்லை. கடல்நாள் காலையில் அங்கை வரிசை நிக்கும். துறைமுக நாளில் சனம் இறங்கின பிறகு போனால் மிசின் சும்மா கிடக்கும். பல்கனியில் கொடி கட்டவேண்டாம், காத்தில் பறந்திடும், உப்பும் பிடிக்கும். பல்கனிக் கதவையும் அறைக் கதவையும் ஒரே நேரத்தில் திறக்கவும் வேண்டாம், காத்து கதவை அடிச்சுச் சாத்தேக்கை விரல் நசியும். விருந்து இரவுக்குச் சீலையும் வேட்டி சட்டையும் கன கப்பலில் தேசிய உடையா ஏற்கினம், கோட் வாங்க முதல் கேட்டுப் பாருங்கோ.

சுன்னாகத்தில் இருந்து ஒரு அண்ணை: வட்ஸ்அப் வேலை செய்யுமோ?

செய்யும், கப்பல் வைஃபை வாங்கினால். நீண்ட பயணத்துக்கு முழுப்பயணப் பக்கேஜ் நாட்கணக்கைவிட மலிவு. ஏறின உடனே போனை விமானப் பயண நிலைக்கு மாத்திப்போட்டு வைஃபையை மட்டும் போடுங்கோ. கப்பலுக்கு எண்டு தனிக் கைத்தொலைபேசிக் கோபுரம் இருக்கு. போன் தன்பாட்டில் அதிலை ஒட்டினால் றோமிங் பில் பயங்கரமா வரும்.

கரவெட்டியில் இருந்து ஒரு அம்மா: வயித்தாலை போற வருத்தம் கப்பலில் பரவும் எண்டு கேள்விப்பட்டன்.

நொரோவைரஸ். வாசலில் வைச்சிருக்கிற கைச்சுத்திகரிப்பு ஜெல் அதுக்கு வடிவா வேலை செய்யாது. சவர்க்காரமும் ஓடுற தண்ணியும், 20 செக்கன். சாப்பாட்டு மேசைக் கரண்டியைத் தொட்ட கையாலை பாணைத் தொடாதையுங்கோ. சத்தி, வயித்தாலை தொடங்கினால் உடனே மருத்துவ நிலையத்துக்குப் போன் எடுங்கோ. நிண்ட பிறகும் ஒரு நாள், இரண்டு நாள் அறைக்குள்ளை இருக்கச் சொல்லுவினம். அதுக்குப் பயந்து மறைச்சால் முழுக் கப்பலுக்கும் பரவும், வயசு போனவை நிறைய இருக்கிற இடம்.

ஏழாலையில் இருந்து ஒரு தம்பி: கரையில் பிந்தினால் நிப்பாட்டி வைப்பினமோ?

கப்பல் ஒழுங்கு பண்ணின சுற்றுலாவில் போனால் அனேகமா நிப்பினம், தனியாப் போனால் மாட்டினம். வெளிக்கிட 30 நிமிசத்துக்கு முன்னம் உள்ளுக்கு இருக்கோணும். கப்பல் நேரமும் ஊர் நேரமும் சில துறைமுகத்தில் வேற. நாளாந்த நிகழ்ச்சித் தாளில் துறைமுக முகவரின்ரை போன் இலக்கம் இருக்கும், அதைப் படம் எடுத்துக்கொண்டு இறங்குங்கோ. நீண்ட பயணத்தில் பாஸ்போர்ட்டைக் கப்பல்காரர் வாங்கி வைக்கிறது உண்டு. பாஸ்போர்ட், விசாப் பிரதியளைக் கையில் வைச்சிருங்கோ.

தெல்லிப்பழையில் இருந்து ஒரு ஐயா: காங்கேசன்துறையில் ஏறலாமோ?

ஏலாது. அங்கை இருந்து நாகபட்டினத்துக்கு ஓடுறது பயணிகள் படகு. உலகம் சுத்துற கப்பல் இலங்கையைத் தொட்டால் பெரும்பாலும் கொழும்புதான். இடையில் அங்கை ஏற விரும்பினால் கொம்பனியிட்டை முன்கூட்டியே அனுமதி எடுக்கவேணும்.

இணுவிலில் இருந்து ஒரு அக்கா: இவற்றை திவசம் பயணத்துக்குள்ளை வருது. பசிபிக்கில் ஒரு திகதியே இல்லாமல் போகுமாம். என்ன செய்யிறது?

மேற்குப் பக்கமாப் போற கப்பலில் கன இரவு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைப்பினம். பசிபிக் நடுவில் நாள் மாறுற கற்பனைக் கோடான திகதிக்கோட்டைத் தாண்டேக்கை ஒரு திகதி விடுபடும். கிழக்கை போனால் ஒரு திகதி இரண்டு தரம் வரும். திதி அப்பிடி விடுபடாது, அக்கா. அது சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலான கோணக் கணக்கு, உலகம் முழுக்க ஒரே கணத்தில்தான் தொடங்கும். அதாலை ஊர்ப் பஞ்சாங்கத்தையும், யாழ்ப்பாண நேரம் வைச்ச சின்ன மணிக்கூடு ஒண்டையும் கொண்டு போங்கோ. அதைப் பயணம் முடியுமட்டும் மாத்தவேண்டாம். திகதியும் காட்டுற மணிக்கூடா இருக்கோணும்.

ஒரு உதாரணம்: அமெரிக்க சமோவாவின் பாகோ பாகோவில் 10ஆம் திகதி மத்தியானம் 12 மணி எண்டால் யாழ்ப்பாணத்தில் 11ஆம் திகதி விடியப்புறம் 4.30. ஊரில் 11ஆம் திகதி திவசம் எண்டால், கப்பலில் 11 இல்லாமல் போனாலும், 10ஆம் திகதி மத்தியானம் நீங்கள் படைக்கிற நேரம் அங்கை அந்த நாள் பிறந்திட்டுது. முதல் நாளே பொறுப்பாளரிட்டைச் சொல்லி, மச்சம் படாத சட்டியில் சமைச்ச சோறும் பருப்பும் மூண்டு மரக்கறியும் அறைக்குக் கொண்டுவரக் கேளுங்கோ. வாழையிலைக்குப் பதிலாப் புதுத்தட்டு ஒண்டை வீட்டில் இருந்தே எடுத்துக்கொண்டு போங்கோ.