காற்றைக் காசு கொடுத்து வாங்குவது: மூன்று கேள்விகள்

கேள்வி: மணலியில் குடியிருக்கிறோம். இரவானால் கம்பெனிப் பக்கமிருந்து நெடி வருகிறது. பையனுக்கு வீசிங் உண்டு. கடையில் இரண்டு ஏர் பியூரிஃபையர் காட்டினார்கள். ஒன்று ‘ஆக்டிவ் ஆக்சிஜன்’ வெளியிட்டு நாற்றத்தை அழிக்குமாம், ஃபில்டர் மாற்றும் செலவும் இல்லையாம். இன்னொன்று ஹெப்பா ஃபில்டர் போட்டது, விலை கூடுதல். படுக்கையறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. எதை வாங்கலாம்?

பதில்: முதலாவதைத் தொடவே வேண்டாம். கடைக்காரர் ஆக்டிவ் ஆக்சிஜன் என்பது ஓசோனைத்தான். வானத்தில் 15 கிலோமீட்டருக்கு மேலே இருக்கும்வரை ஓசோன் நமக்கு நல்லது, புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது. மூக்குக்கு எதிரே வந்தால் அதே வாயு நுரையீரலை அரிக்கும், வீசிங்கைக் கிளப்பிவிடும். நாற்றத்தை அழிக்கும் என்பதும் பாதி உண்மைதான். சுவாசிக்கத் தகுந்த அளவில் ஓசோன் இருந்தால் நாற்றம் பெரிதாகப் போகாது. நாற்றம் போகும் அளவுக்கு விட்டால் அந்த அறையில் யாரும் இருக்கக்கூடாது.

இன்னொன்று. எலுமிச்சை வாசனை போட்ட தரை துடைக்கும் திரவத்தில் லிமோனீன் இருக்கும். ஓசோன் அதோடு வினைபுரிந்தால் ஃபார்மால்டிஹைடும் மிக நுண்ணிய துகள்களும் உண்டாகின்றன. காற்றைச் சுத்தம் செய்ய வாங்கிய கருவி வீட்டுக்குள்ளேயே மாசு தயாரிக்கும். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஓசோன் வெளியீடு 0.05 பி.பி.எம்.-ஐ (காற்றின் பத்து லட்சம் பங்கில் 0.05 பங்கு) தாண்டும் வீட்டு பியூரிஃபையரை விற்கவே முடியாது.

இரண்டாவதை வாங்கலாம், ஆனால் அது எதைப் பிடிக்கும் என்று தெரிந்து வாங்குங்கள். ஹெப்பா என்பது தூசிக்கானது. 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகளில் 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும், வாயுவைப் பிடிக்காது. அப்படியென்றால் மணலிக்கு வீண்தானே என்றால், இல்லை. ஆலைப் புகையிலுள்ள சல்ஃபர் டையாக்சைடு காற்றில் போகப்போக கந்தக அமிலமாக மாறி, அம்மோனியாவோடு சேர்ந்து சல்ஃபேட் துகளாகிவிடுகிறது. வாயுவாகக் கிளம்பியதில் ஒரு பகுதி துகளாக, அதாவது 2.5 மைக்ரானுக்கு மேல் போகாத பி.எம். 2.5 நுண்துகளாக, உங்கள் ஜன்னலுக்கு வருகிறது. அதை ஹெப்பா பிடிக்கும்.

நெடிக்குத் தனியாக ஆக்டிவேட்டட் கார்பன், அதாவது வாயுவை ஈர்த்துப் பிடிக்கும் கரி, வேண்டும். பல மாடல்களில் கார்பன் என்று சொல்லி வைத்திருப்பது கரி தடவிய மெல்லிய வலை, அது சீக்கிரமே நிறைந்துவிடும். கரி குருணையாக, கையில் தூக்கினால் கனம் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். அதுவும் எல்லா வாயுவையும் பிடிக்காது. கார்பன் மோனாக்சைடு ஹெப்பாவுக்கும் மசியாது, கரிக்கும் மசியாது.

பெட்டியில் சி.ஏ.டி.ஆர். என்ற எண்ணைப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு சுத்தக் காற்று தரும் என்பதன் கணக்கு அது. உங்கள் அறையின் கூரை பத்தடி என்று வைத்தால் சுமார் 34 கன மீட்டர் காற்று. மணிக்கு ஐந்து முறை சுத்தமாக 170 போதும். ஆனால் அந்த எண் முழு வேகத்தில் எடுத்தது, அந்த இரைச்சலில் யாரும் தூங்க முடியாது. ஆகவே 250-க்கு மேல் வாங்கி மெதுவாக ஓட விடுங்கள். மாற்று ஃபில்டர் விலையை இன்றே கேளுங்கள். அயனைசர் (காற்றிலுள்ள தூசிக்கு மின்னேற்றம் தரும் வசதி) பட்டன் இருந்தால் அணைத்து வையுங்கள், சிலவற்றில் அதுவும் கொஞ்சம் ஓசோன் விடும். அப்புறம், அதே அறையில் கொசுவத்தி கொளுத்தாதீர்கள்.

கேள்வி: கார் டயருக்கு நைட்ரஜன் அடித்தால் மைலேஜ் கூடும் என்று காசு வாங்குகிறார்கள். தேவையா?

பதில்: தேவையில்லை. சும்மா கிடைக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். பெட்ரோல் பங்க்கில் காற்று இலவசமாக அடித்துத் தர வேண்டும் என்பது விதி. நைட்ரஜனில் ஈரம் இருக்காது, ரப்பர் வழியாகக் கசிவதும் சற்றுக் குறைவு, அவ்வளவுதான். மைலேஜைக் காப்பது சரியான பிரஷர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் எந்தக் காற்றும் சரி. விமான டயருக்கு நைட்ரஜன் அடிப்பது தீப்பிடிக்கும் ஆபத்துக்காகவும் ஈரம் உறையாமல் இருக்கவும். நம் வண்டிக்கு அந்தக் கவலை இல்லை.

கேள்வி: ஆன்லைனில் கார்பன் டையாக்சைடு மீட்டர் வாங்கினேன். பக்கத்தில் சென்ட் அடித்தால் 2000-க்கு எகிறுகிறது. பழுதா?

பதில்: பழுதில்லை. அது கார்பன் டையாக்சைடை அளக்கவே இல்லை. உள்ளே இருப்பது ஆல்கஹால், பெயின்ட், சென்ட் போன்ற ஆவிகளை உணரும் மலிவான சென்சார். வீட்டுக்குள் ஆள் இருந்தால் இந்த ஆவியும் கூடும், கார்பன் டையாக்சைடும் கூடும் என்ற அனுமானத்தில் ஒரு எண்ணைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறது. உண்மையில் அளக்க, அந்த வாயு அகச்சிவப்புக் கதிரை எவ்வளவு விழுங்குகிறது என்று பார்க்க வேண்டும். அந்த வகை சென்சாருக்கு என்.டி.ஐ.ஆர். என்று பெயர், விலை அதிகம். நல்ல மீட்டரை மொட்டை மாடிக்குக் கொண்டுபோனால் 420 பி.பி.எம்.-க்குச் சற்று மேலே நிற்கும், சென்ட்டுக்கு அசையாது.

விற்பனைப் பக்கத்தில் என்.டி.ஐ.ஆர். என்று போட்டிருந்தார்களா? போட்டிருந்தால் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, சென்ட் சோதனையை வீடியோ எடுத்துப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், பொருளின் விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. வெறுமனே ‘ஏர் குவாலிட்டி மானிட்டர்’ என்று மட்டும் போட்டிருந்தால் வாதம் கொஞ்சம் பலவீனம்தான். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அனுப்பிவிடுவது நல்லது.