வரைபடம் நன்றாக இருந்தும் மதிப்பெண் ஏன் குறைகிறது?

வணக்கம் அம்மா. மகள் கோலாலம்பூரில் இன்டீரியர் டிசைன் டிப்ளோமா படிக்கிறாள், வரைபடத்தில் நல்ல மதிப்பெண், முடிந்த வேலை எப்படிப் பயன்படுகிறது என்று ஆராயும் திட்ட விளைவு மதிப்பீட்டு அறிக்கையில் மட்டும் சறுக்கல், இந்தத் துறை அவளுக்கு ஒத்துவராதோ என்று கேட்டிருக்கிறீர்கள். துறையை மாற்ற வேண்டாம். கணினியில் அழகாகப் படம் போட நிறையப் பேர் இருக்கிறார்கள். கட்டி முடித்த இடம் கேட்டபடி பயன்படுகிறதா என்று சோதிக்கத் தெரிந்த பட்டதாரிதான் கிடைப்பதில்லை.

மாணவர்கள் பெரும்பாலும் இரண்டு இடத்தில் மதிப்பெண்ணை விடுகிறார்கள். ஒன்று, ‘வாடிக்கையாளர் திருப்தி அடைந்தார்’ என்று ஒரு வரியில் முடிப்பது. மற்றொன்று, குறைப் பட்டியலையே மதிப்பீடு என்று நினைப்பது. கதவு இடிக்கிறது, டைல்ஸைத் தட்டினால் பொள்ளலாகச் சத்தம் வருகிறது, இடுக்கை அடைக்கும் சிலிக்கோன் விட்டுப்போயிருக்கிறது என்பதெல்லாம் சாவி கொடுக்கும்போது வேலையை எடுத்துச் செய்த குத்தகையாளரிடம் சொல்ல வேண்டியவை. வடிவமைப்பு சரியா என்பது ஆள் குடியேறி ஆறு மாதமாவது புழங்கிய பிறகுதான் தெரியும்.

உறவினர் வீட்டில், செந்தூலோ பிரிக்பீல்ட்ஸோ, புதுப்பித்து ஆறு மாதம் தாண்டிய ஒரு சமையலறையை அனுமதி கேட்டு எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரே ஓர் அறை போதும். அந்த வீட்டார் முதலில் என்ன கேட்டார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே எழுதி வாங்க வேண்டும். ‘வெளிச்சமாக வேண்டும்’, ‘நிறைய சாமான் வைக்கணும்’ என்பார்கள். அதை அளக்கக்கூடியதாக மாற்றுவதுதான் அவள் வேலை.

வெளிச்சத்துக்கு லக்ஸ் மீட்டர் வேண்டும். கைப்பேசிச் செயலியின் எண் கருவிக்குக் கருவி மாறும், அதை நம்பி அறிக்கை எழுதக் கூடாது. இரவில் விளக்கைப் போட்டு, காய் நறுக்கும் பலகையின் மேல் மீட்டரை வைத்து, சமைப்பவர் நிற்கும் இடத்தில் ஒருவரை நிறுத்தி அளக்க வேண்டும். ஆளை நிறுத்தாமல் அளந்தால் எண் நன்றாகவே வரும். விளக்கு கூரையின் நடுவில், சமைப்பவரின் முதுகுப் பக்கம் இருப்பதால் அவர் நிழலே பலகையில் விழுகிறது என்பது அப்போது தெரியாமல் போய்விடும். அலுவலகத்துக்கு மலேசியத் தரநிலை எம்.எஸ். 1525 சொல்லும் 300 முதல் 400 லக்ஸை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அது வீட்டுக்கான விதி இல்லை என்பதையும் அவள் எழுத வேண்டும்.

அடுத்து மேடை உயரம். கேபினட் கடையில் 850 முதல் 900 மில்லிமீட்டருக்குள் ஓர் அளவை வைத்துச் செய்துவிடுவார்கள். சமைப்பவரின் முழங்கை உயரத்திலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் குறைவாக மேடை இருந்தால் தோள் தூக்காது. ஐந்தடிக்குக் குறைவான பாட்டி 900 மில்லிமீட்டர் மேடையில் சப்பாத்தி தேய்ப்பதைப் பக்கவாட்டில் படம் எடுத்தால் வேறு விளக்கம் தேவையில்லை.

‘பிடிச்சிருக்கா?’ என்று மட்டும் கேட்க வேண்டாம். நம் ஆட்கள் முகத்துக்கு நேரே ‘நல்லா இருக்கு’ என்றுதான் சொல்வார்கள். ‘இந்த வாரம் எந்த இழுப்பறையைத் திறக்கவே இல்லை?’, ‘அரிசி மூட்டை எங்கே இருக்கிறது?’ என்று கேட்கட்டும். எக்ஸ்டென்ஷன் வயர்களை எண்ணட்டும். ஒவ்வொன்றும் பிளக் இல்லாத இடத்தைக் காட்டும். மேற்கு ஜன்னலில் ஒட்டிய அட்டை, சாமி அலமாரியின் மேல்பலகையில் விளக்குப் புகை படிந்த கறுப்பு, வரவேற்பறையோடு சேர்ந்த திறந்த சமையலறையான டிரை கிச்சனில் தாளித்த எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய சோபா, எல்லாம் சாட்சிதான். சிங்க் கீழே டார்ச் அடித்து, பலகை ஓரம் உப்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் ஈரப்பதத்தில், ஓரப்பட்டை சரியாக ஒட்டாத சிப்போர்டு (மரத்துகள் பலகை) அங்கேதான் முதலில் கெடும்.

செலவுக் கணக்கில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஓர் எடுத்துக்காட்டு: முதலில் போட்ட செலவு மதிப்பீடு 42,000 ரிங்கிட், முடிந்தது 49,500. ‘18 விழுக்காடு கூடிவிட்டது’ என்பது பாதிப் பதில். கூடிய 7,500இல் வீட்டார் நடுவில் மேடைக் கல்லை மாற்றியதால் 4,200, சுவர் நேராக இல்லாததை முன்பே அளக்காததால் 2,100, நீர்க்கசிவுத் தடுப்பைப் பட்டியலில் விட்டதால் 1,200 என்று பிரித்தால், வடிவமைப்பாளர் பொறுப்பு 3,300, அதாவது 8 விழுக்காட்டுக்கும் கீழே. இப்படிப் பிரித்துக் காட்டும் மாணவியை நிறுவனம் சும்மா அனுப்பாது.

பினாங்கில் வேலை தேடினால் ஒன்று கூடுதலாகத் தெரிய வேண்டும். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில், சுண்ணாம்புச் சுவர் மேல் சிமெண்டும் பிளாஸ்டிக் பெயிண்டும் பூசினால் தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியின்றிப் பெயிண்ட் கொப்புளிக்கும். திறப்பு விழாப் படத்தில் அது தெரியாது. தரையிலிருந்து 300, 600, 900, 1,200 மில்லிமீட்டர் உயரங்களில் ஈரமானி வைத்து, சில மாதம் கழித்து அதே புள்ளிகளில் மறுபடி அளந்தால் தெரியும்.

செய்த வேலைகளைத் தொகுத்துக் காட்டும் போர்ட்ஃபோலியோவில் இதற்கு நான்கு பக்கம் போதும்: கேட்டது, வரைந்தது, அதே கோணத்தில் எடுத்த இன்றைய படம், அளவுகளும் திருத்தமும். வீட்டார் பெயர், முகவரி வேண்டாம். படத்துக்கு எழுத்து மூலம் சம்மதம் வாங்கட்டும்.

பதிவு பற்றியும் கேட்டிருந்தீர்கள். இன்டீரியர் டிசைனர்களைப் பதிவு செய்வது 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் மலேசியக் கட்டடக் கலைஞர் வாரியம். டிப்ளோமாவுக்குப் பிறகு பட்டப்படிப்பில் சேருமுன், அந்தப் படிப்பு எம்.கியூ.ஏ. எனும் மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டிலும் வாரியத்தின் அங்கீகாரப் பட்டியலிலும் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். கல்லூரிக் கவுன்ட்டரில் சொல்வதோடு விட்டுவிடாதீர்கள். பயிற்சிக்கு இடம் பார்க்கும்போது, முடித்த வேலைகளுக்கு மறுபடி போய்ப் பார்ப்பார்களா, அப்போது பயிற்சி மாணவரையும் அழைத்துப் போவார்களா என்று அவளையே கேட்கச் சொல்லுங்கள்.