கியோன் ஆலயத்தில் ஒரு மாலை

கேள்வி: நவம்பரில் அம்மாவுடன் ஜப்பானின் கியோட்டோவுக்குச் செல்கிறேன். கியோன் பகுதியிலுள்ள யசாகா ஆலயத்துக்கு (ஜப்பானியரின் பூர்வீக மதமான ஷிண்டோவைச் சேர்ந்தது) ஒரு மாலைதான் ஒதுக்க முடியும். வேற்று மதத்தவரை உள்ளே விடுவார்களா? செருப்பை எங்கே விடுவது? ஊதுபத்தி கொண்டுபோகலாமா?

பதில்: மாலைதான் சரியான நேரம். இந்த ஆலயத்தில் இரவிலும் நடை சாத்துவதில்லை; கட்டணமும் கிடையாது. இருட்டியதும் நடன மண்டபத்தைச் சுற்றித் தொங்கும் நூற்றுக்கணக்கான காகித விளக்குகள் ஒளிரும். அவற்றில் இருப்பவை மந்திரங்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாம் உபயதாரர்களான உள்ளூர்க் கடைகளின் பெயர்கள்!

உங்கள் மதத்தை யாரும் கேட்கமாட்டார்கள். வெளியே நின்றே வணங்குவதால் செருப்பைக் கழற்ற வேண்டாம். ஊதுபத்தி அங்கே பௌத்தக் கோயில்களுக்கு உரியது, வீட்டிலேயே இருக்கட்டும். தண்ணீர்த் தொட்டியில் முதலில் இடக்கை, பிறகு வலக்கை கழுவி, இடது உள்ளங்கையில் நீர் ஏந்தி வாய் கொப்பளிக்கவேண்டும். அகப்பையில் வாய் வைக்கக் கூடாது. காணிக்கைக்கு 5 யென் நாணயம் விசேஷம்: அதைச் சொல்லும் 'கோஎன்' என்ற ஒலிக்கு நல்ல பந்தம் என்றும் பொருள். பிறகு இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, வேண்டிக்கொண்டு, மறுபடி ஒருமுறை குனியுங்கள். நம்மைப் போலவே அவர்களுக்கும் தீட்டு உண்டு. வீட்டில் துக்கம் நேர்ந்தால் ஐம்பது நாள் ஆலயத்துக்குப் போகாதவர்கள் பலர்.

அம்மாவிடம் சொல்ல ஒரு செய்தி. 'கியோன்' என்பது புத்தர் தங்கிய ஜேதவன விகாரைக்கு ஜப்பானியர் வழங்கும் பெயரின் சுருக்கம். அந்த விகாரையின் காவல் தெய்வமாகக் கருதப்பட்ட கோசு தென்னோ இங்கே வணங்கப்பட்டார். 1868இல் மெய்ஜி அரசு ஷிண்டோவையும் பௌத்தத்தையும் பிரித்தபோதுதான் ஆலயத்தின் பெயர் யசாகா ஆனது. இன்று மூலவர் சுசானோ என்ற ஷிண்டோ தெய்வம். 869இல் கொள்ளைநோய் தணிய எடுத்த விழாவே ஜூலை மாதக் கியோன் திருவிழாவாக வளர்ந்தது. நீங்கள் போவது நவம்பர் என்பதால் தேர்களைப் பார்க்க முடியாது.

கெய்ஹான் ரயிலில் கியோன்-ஷிஜோ நிலையத்தில் இறங்கிக் கிழக்கே ஐந்து நிமிடம் நடந்தால் சிவப்பு நிற மேற்கு வாயில் வரும். படிகள் உண்டு, அம்மா மெதுவாக ஏறட்டும்.

உண்மையில் கவனம் தேவைப்படுவது ஆலயத்துக்கு வெளியேதான். ஹனாமிகோஜி தெருவை ஒட்டிய சிறு சந்துகள் பல தனியாருடையவை. நுழைந்தால் 10,000 யென் அபராதம் என்று 2024 முதல் பலகை வைத்திருக்கிறார்கள். வெள்ளைப் பூச்சும் கிமோனோவுமாக விரையும் மைக்கோக்கள், அதாவது கெய்ஷா கலை பயிலும் இளம்பெண்கள், வேலைக்குப் போகிறவர்கள். வழிமறித்துப் படம் எடுக்காதீர்கள்.